பழவங்காடியும் பத்மநாபபுரமும்: மரபுப் பாதுகாப்பு எல்லை – ஒரு மறுஆய்வு

ஓர் இடத்தைப் பழமையுடையது எனப் போற்றிக் காப்பதற்கு முன் அவ்விடம் எங்குத் தொடங்கி எங்கு முடிகிறது என்பதை வரையறுக்க வேண்டியுள்ளது. கோயிலோ அரண்மனையோ தனித்து நிற்குமாயின் இவ்வரையறை எளிது. சுற்றுமதிலே எல்லையாகி விடும். கோயிலும் குளமும் தெருவும் வாய்க்காலும் வயலும் ஒன்றையொன்று சார்ந்து அமைந்த ஊராயின் எங்குக் கோடு கிழிப்பது என்பது வரலாற்று வினாவாக மாறுகிறது. அவ்வினாவிற்கு நில அளவையாளர் மட்டும் விடை காண இயலாது. கல்வெட்டும் செப்பேடும் ஓலையும் பயின்ற தமிழாய்வாளர்க்கும் அதில் பங்குண்டு. திருவனந்தபுரத்துப் பழவங்காடியில் தொடங்கிக் கன்னியாகுமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் வரை நீளும் ஒரு வரலாற்றுத் தொடர்பை முன்வைத்து, பத்மநாபபுரத்தின் பாதுகாப்பு எல்லை மறுவரையறை செய்யப்பட வேண்டியதன் தேவையை இக்கட்டுரை ஆராய்கிறது.

வாயிற்புறத்து அங்காடி

பழவங்காடி என்னும் பெயர் பழ, அங்காடி என்னும் இரு சொற்கள் வகர உடம்படுமெய் பெற்றுப் புணர்ந்த தொடராகும். பழைய கடைத்தெரு என்பது இதன் பொருள். புகார் நகரத்து நாளங்காடியைச் சிலப்பதிகாரத்தில் பயின்ற தமிழ் மாணவர்க்கு இச்சொல் புதியதன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாஸ் சாலைக் கடைத்தெருவை உருவாக்கினார். அதனையொட்டிய பகுதிக்குப் 'பழைய' என்னும் அடை நிலைத்திருப்பது, சாலைக்கு முற்பட்ட வணிகக் களம் ஒன்று கோட்டையின் கிழக்கு வாயிலருகே இருந்தமையை உணர்த்துவதாகக் கொள்ளலாம்.

இன்று நெரிசல் மிகுந்த நகரப் பகுதியாக விளங்கும் இவ்விடம் ஒரு காலத்தில் வயலை ஒட்டிய வாயிற்புறமாகவே இருந்துள்ளது. அருகிலுள்ள திடலின் பெயரான புத்தரிக்கண்டம் இதற்குச் சான்று. புத்தரி என்பது புதிய அரிசி. கண்டம் என்பது வயல். வயல் திடலாகிவிட்டது, பெயர் மட்டும் வயலைக் காத்து வருகிறது. வயலுக்கு வந்த நீரும் மறக்கப்பட்டது. 2015-ஆம் ஆண்டு தம்பானூர், கிழக்குக் கோட்டைப் பகுதிகளில் மழைநீர் தேங்கியதன் விளைவாக 'ஆபரேஷன் அனந்தா' என்னும் பெயரில் தெக்கனங்கரைக் கால்வாயின் ஆக்கிரமிப்புகளை அகற்ற வேண்டிய நிலை அரசுக்கு ஏற்பட்டது. கோட்டை மதிலை நினைவுச் சின்னமாகக் கருதிய பார்வையில் அம்மதிலடியில் ஓடிய நீர்வழி இடம்பெறவில்லை. இச்சிறு செய்தி பின்வரும் வாதத்திற்கு இன்றியமையாதது.

பழவங்காடி கணபதி கோயில் இந்தியத் தரைப்படையினரின் நிர்வாகத்தில் உள்ளது. திருவிதாங்கூர்ப் படைவீரர்கள் பத்மநாபபுரத்தில் வழிபட்டு வந்த கணபதியே, தலைநகர் மாறியபோது அவர்களுடன் இங்கு வந்து சேர்ந்தது என்பது மரபுச் செய்தி. கார்த்திகைத் திருநாள் இராமவர்மர் (1758–1798) காலத்தில், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், தலைநகர் திருவனந்தபுரத்திற்கு மாற்றப்பட்டது. அரசும் படையும் அங்காடியும் வடக்கே சென்றன. கோட்டையும் குளங்களும் தெருக்களும் பத்மநாபபுரத்தில் தங்கின. எனவே பழவங்காடியின் வரலாற்றை எழுத முற்படுவோர் அது புறப்பட்ட இடத்தையும் நோக்க வேண்டியவராகின்றனர்.

கல்குளம் என்னும் பெயர்

பத்மநாபபுரத்தின் பழம்பெயர் கல்குளம். வேணாட்டு அரசர்களின் இருப்பிடமாக இருந்த இவ்வூரில், இன்று காணும் அரண்மனையின் தொடக்கம் 1601-ஆம் ஆண்டை ஒட்டியது எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. மார்த்தாண்ட வர்மர் (1729–1758) காலத்தில் அரண்மனை விரிவாக்கப்பட்டது, மண்கோட்டை கற்கோட்டையாயிற்று, ஊரின் பெயரும் மாறிற்று. 1741-இல் குளச்சல் போரில் டச்சுப் படை தோற்றபின் சிறைப்பட்டு, பின்னர்த் திருவிதாங்கூர்ப் படையின் தலைவராக உயர்ந்த டிலனாயின் கல்லறை, அருகிலுள்ள உதயகிரிக் கோட்டையில் இலத்தீன், தமிழ் ஆகிய இரு மொழிக் கல்வெட்டுடன் உள்ளது. அரசியல் வரலாறு பலராலும் எழுதப்பட்டுள்ளமையால் அதனை இங்கு விரிக்க வேண்டுவதில்லை.

பெயர் மாற்றமே ஈண்டு நோக்கத்தக்கது. அரசு சூட்டிய பெயர் கோட்டைக்கும் பின்னர் நகராட்சிக்கும் உரியதாயிற்று. ஆயினும் தாலுகா கல்குளம் என்றே வழங்கி வருகிறது. நீலகண்டசுவாமி கோயிலும் கல்குளம் கோயில் என்றே மக்களால் அழைக்கப்படுகிறது. ஊர்ப்பெயர் அரண்மனையிலிருந்து தோன்றவில்லை, குளத்திலிருந்து தோன்றியது. குளத்தை வெளியே நிறுத்தி அரண்மனையை மட்டும் உள்ளடக்கும் எந்த எல்லையும் இவ்வூரின் பெயருக்கே மாறுபட்டதாகும்.

மூன்று கோடுகள்

பத்மநாபபுரத்தைச் சுற்றி வரலாற்றில் மூன்று கோடுகள் வரையப்பட்டுள்ளன. முதலாவது கோட்டை மதில். வேளிமலையின் அடிவாரத்தில் அமைந்த இக்கோட்டை ஏறத்தாழ 185 ஏக்கர் பரப்புடையது. அரண்மனை, இராமாயண மரச்சிற்பங்களுக்குப் பெயர்பெற்ற இராமசுவாமி கோயில், நீலகண்டசுவாமி கோயில், தெப்பக்குளம், குடியிருப்புத் தெருக்கள் ஆகியன இதனுள் அடங்கும். ஓர் ஆட்சித் தலைநகருக்கு உள்ளே எவையெல்லாம் இருக்க வேண்டும் எனப் பதினெட்டாம் நூற்றாண்டு கருதியதோ, அதன் வரைபடமே இம்மதில்.

இரண்டாவது கோடு 1956 நவம்பர் 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த மாநில மறுசீரமைப்பால் ஏற்பட்டது. திருவிதாங்கூர்த் தமிழரின் நீண்ட போராட்டத்தின் பயனாக அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தன. கல்குளம் தாலுகாவிலுள்ள அரண்மனையோ கேரள அரசின் தொல்லியல் துறையின் பொறுப்பில் நீடிக்கிறது. மொழிவழி எல்லை அரண்மனை வாசல் வரை வந்து அங்குத் தடைப்பட்டு நின்றது எனலாம். இதன் விளைவாகச் சுமார் 6.5 ஏக்கர் பரப்புள்ள அரண்மனை வளாகம் ஒரு மாநிலத்தின் பராமரிப்பிலும், அதனைச் சூழ்ந்த தெருக்களும் கோயில்களும் நீர்நிலைகளும் மற்றொரு மாநிலத்தின் வெவ்வேறு துறைகளின் பொறுப்பிலும் அமைந்தன.

மூன்றாவது கோடு, 2014-ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் பத்மநாபபுரம் அரண்மனை இடம்பெற்றதை ஒட்டியது. அப்பட்டியலில் ஊர் இல்லை, அரண்மனையே உள்ளது. 1956-இல் நிர்வாக வசதிக்காக நேர்ந்த பிரிவினை, மரபின் அளவாகவே மீண்டும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. 185 ஏக்கரில் 6.5 ஏக்கர் என்பது நூற்றுக்கு நான்கு விழுக்காட்டிற்கும் குறைவு. எஞ்சிய பகுதி வரலாறற்றது என எவரும் ஆராய்ந்து முடிவு செய்யவில்லை. அது வேறொரு மாநிலத்தின் கோப்புகளில் இருந்தது, அவ்வளவே. உலக மரபுப் பட்டியலுக்கான முன்மொழிவில் மையப் பகுதியைச் சூழ்ந்து ஒரு காப்பு வளையம் காட்டப்படுதல் பொது நெறி. பத்மநாபபுரத்தைப் பொறுத்தவரை அவ்வளையம் முழுவதும் தமிழ்நாட்டு நிர்வாகத்திற்குட்பட்ட நிலத்திலேயே அமையும். இரு மாநிலங்களும் ஒருங்கே அமர்ந்து வரையாத எக்கோடும் தாளில் மட்டுமே இருக்கும்.

வட்டமும் நான்கெல்லையும்

இந்தியத் தொல்லியல் சட்டங்கள் பெரும்பாலும் தனிக் கட்டடத்தையோ தொல்லிடத்தையோ மையமாகக் கொண்டவை. 1958-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தின்கீழ் 1992-இல் வெளியான அறிவிக்கையும் 2010-ஆம் ஆண்டின் திருத்தமும், மத்திய அரசின் பாதுகாப்பிலுள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி, அதற்கப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி என வகுத்தன. எங்கும் ஒரே அளவு என்பதால் நடைமுறைக்கு எளிது. ஆனால் 100 மீட்டருக்குள் வரலாற்றுத் தொடர்பற்ற கடை இருக்கலாம். 400 மீட்டருக்கு அப்பால் அச்சின்னத்திற்கு நீர் கொணர்ந்த மடை இருக்கலாம். தூரம் மட்டுமே அளவுகோலாகும்போது உறவு கணக்கில் வருவதில்லை.

இதற்கு மாறான முறையைத் தமிழ்ச் செப்பேடுகள் காட்டுகின்றன. முதலாம் இராசராசன் கொடையைக் கூறும் ஆனைமங்கலச் செப்பேடும், முதலாம் இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேடும் எல்லை வகுத்த முறையை விரிவாக எடுத்துரைக்கின்றன. அரசாணை வந்தவுடன் நாட்டார் கூடுவர். பெண் யானையை நடத்தி ஊரைச் சூழ்ந்து வருவர். கல்லும் கள்ளியும் நட்டு எல்லையை உறுதி செய்வர். இதனைப் பிடி சூழ்தல் எனக் குறிப்பர். பின்னர்க் கீழெல்லை, தென்னெல்லை, மேலெல்லை, வடவெல்லை என நாற்புறமும் எந்த வாய்க்காலின் எக்கரை, எந்தக் குளத்தின் எப்பக்கம், எவ்வழிக்குத் தெற்கு என ஒவ்வொன்றாகச் சுட்டப்படும். எல்லை என்பது நடந்து கண்டறியப்பட்டது. ஊரார் முன்னிலையில் கண்டறியப்பட்டது. மேல்நோக்கிய மரம், கீழ்நோக்கிய கிணறு, உடும்பு ஓடும் நிலம், ஆமை தவழும் நிலம் எல்லாம் அதில் அடங்கும் என்னும் வாய்பாடு வெறும் ஆவண அலங்காரம் அன்று. மேட்டு நிலமும் நீர் நிலமும் உயிர்களும் சேர்ந்ததே ஊர் என்னும் புரிதல் அதில் உள்ளது.

தென் திருவிதாங்கூர்ப் பகுதியிலும் இவ்வாவண மரபு பழமையானது. ஆய் மன்னன் கருநந்தடக்கனின் கி.பி. 866-ஆம் ஆண்டுச் செப்பேடு, திருவனந்தபுரம் ஹசூர் அலுவலகத்தில் இருந்தமையால் ஹசூர் அலுவலகச் செப்பேடு என வழங்கப்படுகிறது. தி.அ. கோபிநாத ராவ் இதனைத் திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையில் பதிப்பித்தார். முஞ்சிறைச் சபையாரிடமிருந்து நிலத்தை மாற்றாகப் பெற்றுப் பார்த்திவசேகரபுரம் கோயிலும் தொண்ணூற்றைந்து சட்டர்க்கான சாலையும் நிறுவப்பட்ட செய்தியை அது தருகிறது. அரசனே ஆயினும் சபையாரிடம் மாற்று நிலம் கொடுத்தே பெற்றான் என்பது, எல்லை வரையும் இன்றைய அதிகாரிகள் ஒருமுறை எண்ணிப் பார்க்கத் தக்கது.

செப்பேட்டு மரபில் மேலும் ஒரு நுட்பம் உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஊர்களின் மொத்த நிலம் கூறப்பட்டு, அதில் இறை செலுத்த வேண்டாத நீங்கல் நிலங்கள் தனித்து எண்ணப்படுகின்றன. ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊரை ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால்கள், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு என்பன அந்நீங்கலில் வருகின்றன. இவை ஊரின் எல்லைக்குள்ளேயே உள்ளன. ஆனால் இவற்றின்மேல் ஏற்றப்படும் சுமை வேறு. ஒரே எல்லை, வேறுபட்ட கடமைகள் என்னும் இக்கருத்து இன்றைய பாதுகாப்பு எல்லைகளில் பெரிதும் காணப்படாதது. எல்லைக்குள் வந்துவிட்டால் அரண்மனைத் தூணுக்கும் அடுத்த தெருவிலுள்ள வீட்டுக் கழிவறைக்கும் ஒரே விதி என்னும் அச்சமே, எல்லை விரிவாக்கம் என்றவுடன் மக்கள் மறுப்பதற்கு முதற் காரணம். சேரிகளைத் தனித்து வைத்த சாதியடுக்கை அக்கல்வெட்டுகள் காட்டுகின்றன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அவற்றின் சமூக ஒழுங்கை அன்று, அவற்றின் ஆவண நுட்பத்தையே இங்கு எடுத்துக்கொள்ள வேண்டும்.

நீரும் நடையும்

நான்கெல்லை முறையில் பத்மநாபபுரத்தைச் சூழ்ந்து நடப்பதாகக் கொண்டால் முதலில் எதிர்ப்படுவது நீர். பறளியாற்றின் குறுக்கே புத்தன் அணை அமைக்கப்பட்டு, பத்மநாபபுரம் புத்தனாறு என்னும் கால்வாய் வெட்டப்பட்டது. கோட்டைத் தலைநகரின் குடிநீர்த் தேவையே இதற்குக் காரணமாயிற்று. மார்த்தாண்ட வர்மர் காலத்துப் பணியாகிய இது, பின்னர்ப் பேச்சிப்பாறை அணை 1906-இல் முடிவுற்றபின் கோதையாற்றுப் பாசன அமைப்பின் ஓர் உறுப்பாயிற்று. கோட்டைச் சுவரை எழுப்பிய அதே ஆட்சி அதற்கு நீரையும் கொணர்ந்தது. சுவர் மரபுச் சின்னமெனில் கால்வாயும் மரபுச் சின்னமே. இரண்டையும் இரு துறைகள் வைத்திருப்பதால் வரலாறு இரண்டாகிவிடாது. தூர்ந்த ஒரு குளத்தின்மேல் எழும் கட்டடம், அரண்மனையிலிருந்து எத்தனை மீட்டர் தொலைவில் இருந்தாலும் கல்குளம் என்னும் ஊரின் ஒரு பகுதியை அழித்தே எழுகிறது.

அடுத்து நடை. ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன் அரண்மனைத் தேவாரக்கெட்டுச் சரசுவதி, வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை ஆகிய திருமேனிகள் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரம் நோக்கிப் புறப்படுகின்றன. உப்பரிகை மாளிகையில் உடைவாள் கைமாறும் சடங்கு நிகழும். இரு மாநில அரசுகளின் சார்பிலும் உரியவர்கள் கலந்துகொள்வர். குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் தங்கி, களியக்காவிளையில் மாநில எல்லையைக் கடந்து, கரமனை வழியாக ஊர்வலம் கிழக்குக் கோட்டையை, அதாவது பழவங்காடிப் புறத்தை, வந்தடைகிறது. சரசுவதி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்திலும், குமாரசுவாமி ஆரியசாலையிலும், நங்கை செந்திட்டையிலும் எழுந்தருள்வர். இச்சரசுவதி கம்பர் வழிபட்டுச் சேர மன்னனிடம் ஒப்படைத்த திருமேனி என்பது வழிவழிச் செய்தி. அதன் வரலாற்று உண்மை எவ்வாறாயினும், ஒரு தமிழ்ப் புலவரின் பெயரால் இரு தலைநகரங்கள் ஆண்டுக்கொரு முறை இணைக்கப்படுகின்றன என்பது கண்கூடு.

மற்றொரு நடை சிவாலய ஓட்டம். மகா சிவராத்திரியை ஒட்டி அடியார்கள் கையில் விசிறியுடன், கோவிந்தா கோபாலா என்னும் முழக்கத்துடன், முஞ்சிறைத் திருமலையில் தொடங்கித் திருநட்டாலத்தில் முடியும் பன்னிரு சிவாலயங்களை ஓடி வழிபடுகின்றனர். அவ்வரிசையில் ஏழாவது கல்குளம். ஒன்பதாம் நூற்றாண்டுச் செப்பேட்டில் நிலம் மாற்றிக் கொடுத்த சபையின் ஊராகிய முஞ்சிறையே இவ்வோட்டத்தின் தொடக்கம் என்பது தற்செயலாக இருக்கலாம். ஆயினும் பிடி சூழ்ந்த நாட்டாரைப் போலவே, இவ்வடியாரும் விளவங்கோடு, கல்குளம் பகுதிகளின் நிலவியலைக் காலால் அறிந்தவர்கள். எந்த ஒற்றையடிப் பாதை அடைபட்டது, எந்தக் குளத்தில் இவ்வாண்டு நீராட முடியவில்லை என்பன அவர்கட்குத் தெரியும். எல்லை மறுஆய்வுக் குழு ஒன்று அமையுமாயின் அது முதலில் வினவ வேண்டியவர்கள் இவர்களே.

உள்ளே வாழ்வோர்

எல்லையை விரித்தல் எப்போதும் நன்மை தரும் எனக் கூறுவதற்கில்லை. ஹம்பி இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. 1986-இல் உலக மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்ட அவ்விடம், பாலப் பணிகளால் 1999-இல் ஆபத்திலுள்ள சின்னங்களின் பட்டியலுக்குச் சென்று 2006-இல் மீண்டது. தனி ஆணையமும் அமைக்கப்பட்டது. பல சிற்றூர்களையும் வயல்களையும் உள்ளடக்கிய பரந்த எல்லை அங்கு வகுக்கப்பட்டது. ஆனால் 2011-ஆம் ஆண்டு சூலையில், விருபாட்சர் கோயில் முன்னுள்ள பழைய கடைத்தெருவின் மண்டபங்களில் வாழ்ந்தும் வணிகம் செய்தும் வந்த குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. கல்மண்டபம் காக்கப்பட்டது, கடைத்தெரு என்னும் வாழ்க்கை அகற்றப்பட்டது. பத்மநாபபுரக் கோட்டைக்குள் வாழும் குடும்பங்கள் இச்செய்தியை அறிந்தால் எந்த எல்லை மறுஆய்வையும் ஐயத்துடனேயே நோக்குவர். அந்த ஐயம் நியாயமானது.

பிரிட்டனில் 1967-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய பாதுகாப்புப் பகுதி என்னும் கருத்து வேறு வழியைக் காட்டுகிறது. அங்குத் தனிக் கட்டடம் அன்றி ஒரு தெருவின் அல்லது சிற்றூரின் ஒட்டுமொத்தத் தன்மையே காக்கப்படுகிறது. 1990-ஆம் ஆண்டுச் சட்டம், உள்ளூர் ஆட்சி அமைப்புகள் தம் பகுதிகளை அவ்வப்போது மறுஆய்வு செய்ய வேண்டும் எனக் கடமையாக்குகிறது. எல்லை ஒருமுறை வரைந்து மறக்கப்படுவதன்று. தன்மை இழந்த பகுதி நீக்கப்படலாம், விடுபட்ட பகுதி சேர்க்கப்படலாம். குடியிருப்போர் தம் வீட்டிலேயே இருந்துகொண்டு மாற்றங்களுக்கு இசைவு பெறுகின்றனர். நீங்கல் நிலம் என்னும் சோழர் கால ஆவண நுட்பத்திற்கு இது ஓரளவு நெருங்கியது எனலாம்.

பத்மநாபபுரத்திற்குப் பொருந்தும் எல்லை, கோட்டை மதிலையே புறக்கோடாகக் கொள்ளுதல் தகும். அதனுள் அரண்மனையும் கோயில்களும் குளங்களும் கடுமையான காப்பிற்கு உரியன. தெருக்களில் வீட்டின் உயரம், முகப்பு, தெருவின் அகலம் ஆகியவற்றை மட்டும் நெறிப்படுத்தி, உட்புற மாற்றங்களை உடையவர் விருப்பத்திற்கு விடலாம். மதிலுக்கு வெளியே புத்தனாற்றையும் நவராத்திரி ஊர்வல வழியையும் பரப்பாக அன்றி வழித்தடமாகக் குறிக்கலாம். வழித்தடத்திற்குத் தடைசெய்யப்பட்ட வட்டம் வேண்டாம். நீர் தடையின்றி ஓடவும் ஊர்வலம் செல்லவும் இடம் இருந்தால் போதும். அவ்வழித்தடத்தின் மறுமுனையில் பழவங்காடி இருக்கும்.

இவ்வெல்லையை உறுதிசெய்யும் சான்றுகள் பெரும்பாலும் ஓலையில் உள்ளன. மார்த்தாண்ட வர்மர் காலத்தில் கொல்லம் 914-ஆம் ஆண்டு (1738–39) பள்ளிச்சல் மல்லன் சங்கரன் மேற்பார்வையில் நிகழ்ந்த நில அளவை, 1883 முதல் 1911 வரை நடைபெற்ற நிலவரித் திட்டம் ஆகிய இரண்டும் புலந்தோறும் நிலத்தை விவரித்தவை. பத்மநாபசுவாமி கோயிலின் மதிலகம் ஓலைச் சுருணைகள் திருவனந்தபுரம் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. விளை, குளம், கோணம், ஏலா, மடை எனப் புலப்பெயர்கள் நிறைந்த இத்தகு ஆவணங்களை வாசிக்க வட்டெழுத்தும் மலையாண்மையும் அறிந்த தமிழ் மாணவர் தேவை. கல்குளம் தாலுகாவிற்குரிய ஏடுகளை மட்டுமேனும் பிரித்தெடுத்துப் புலப்பெயர் அகராதி ஒன்று தொகுக்கப்படுமாயின், கோட்டையைச் சுற்றி எந்தக் குளம் எந்த வாய்க்காலால் நிரம்பியது, எந்தத் தெரு எத்தொழிலோர்க்கு ஒதுக்கப்பட்டது என்பதைப் புல எண்ணோடு பொருத்திக் காட்ட இயலும். நில அளவையாளரின் சங்கிலி அதற்குப் பின்னரே விரிய வேண்டும்.